எபிதீலியத்தை எதை வைத்துப் பிரிப்பது: வடிவமா, பிறப்பா, புரதமா?

மும்பையில் சயான், தாராவிப் பக்கம் நீட்டுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு எபிதீலியம் (உடலின் வெளிப்புறத்தையும் உள்ளுறுப்புகளையும் போர்த்தும் திசு), இணைப்பு, தசை, நரம்பு என்ற நான்கு திசுக்களில் குழப்பமே இல்லை. எபிதீலியத்தை மேலும் பிரிக்கப் போனால்தான் தலைசுற்றல்.

பாடப்புத்தக வழி, அடுக்கையும் வடிவத்தையும் பார்ப்பது. நுரையீரல் காற்றுப்பையில் ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்கள், சிறுநீரகக் குழலில் கனசதுரம், குடலில் தூண். பல அடுக்கு என்றால் மேல் வரிசையின் வடிவம்தான் பெயராகும். வடிவமே வேலையையும் சொல்லிவிடும்: மெல்லிய அடுக்கில் வாயு கடக்கும், தோல் மாதிரி அடுக்கடுக்காய் இருந்தால் உரசலைத் தாங்கும். நீட்டுக்கு இது தாராளம்.

ஆனால் மூச்சுக்குழாய் ஸ்லைடைக் காட்டினால், "அக்கா, மூணு வரிசை தெரியுதே!" என்பார்கள். உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் வரும் மயக்கம் அது. எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வை, அதாவது அடியில் இருக்கும் மெல்லிய படலத்தைத் தொட்டுத்தான் நிற்கின்றன. சில உச்சிவரை எட்டுவதில்லை, அவ்வளவுதான். சிறுநீர்ப்பை இன்னும் மோசம். காலியாக இருந்தால் ஐந்தாறு அடுக்கு, மேலே குவிந்த செல்கள். நிரம்பினால் மெலிந்து தட்டையாகிவிடும். மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வடிவக் கணக்கு அங்கே தோற்றுவிட்டது.

கருவின் அடுக்குகளை வைத்துப் பிரிப்பது கேட்க அழகு, பயன் குறைவு. மேல்தோல் புற அடுக்கிலிருந்து, குடலின் உட்பூச்சு அக அடுக்கிலிருந்து, சிறுநீரகக் குழல் நடு அடுக்கிலிருந்து. மூன்றுமே எபிதீலியம் தருகிறதென்றால் எதைப் பிரிப்பது?

மூன்றாவது வழி, பரேலில் டாடா மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வருகிறவர்களின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் தெரியும்: 'சைட்டோகெரட்டின் பாசிட்டிவ்', அதாவது எபிதீலியச் செல்லுக்குரிய கெரட்டின் புரதம் இருக்கிறது என்று. புற்றுநோயில் செல் உருக்குலைந்துவிட்டால் தட்டையா தூணா என்று பார்க்க வழியில்லை. ஆனாலும் பெரும்பாலும் கெரட்டின் புரதத்தை விடாது. அந்தப் புரதத்தைக் காட்டும் சாயம் ஏறினால், எபிதீலியத்தில் தொடங்கிய கார்சினோமா என்ற பக்கம் சந்தேகம் திரும்பும். ரத்தக்குழாயின் உட்பூச்சு வேடிக்கையானது. வடிவப்படி அசல் தட்டை எபிதீலியம்; ஆனால் வழக்கமாகக் கெரட்டின் சாயம் ஏறாது, சிடி31 என்ற வேறொரு புரதத்தைக் காட்டும் சாயம்தான் ஏறும். அதில் வரும் புற்றுநோய்க்கும் கார்சினோமா என்று பெயரில்லை, ஆஞ்சியோசார்கோமா. அப்புறம், சில சார்கோமாக்களும் (இணைப்புத் திசு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய்கள்) கெரட்டின் காட்டும். அதனால் ஒரே சாயத்தை நம்பி முடிவெழுதாமல், நாலைந்து சாயம் போட்டு, பழையபடி வடிவத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.