உப்புவெளி ‘ஐஸ் தாங்கி வீடு’: ஒரு பின்தொடையும் ஐந்து வாரங்களும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே உப்புவெளிப் பக்கம் போகும்போது, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டின் முன்மண்டபத்தில் விளையாட்டு வீரர்களுக்கான பிசியோ கூடம் ஒன்று இயங்குகிறது. பந்தடிக்கும் பையன்கள் அதை ‘ஐஸ் தாங்கி வீடு’ என்கிறார்கள். அந்தப் பெயரே போதும், முச்சக்கரவண்டிக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கொழும்புக் கழகமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் உதைபந்தாட்டம் ஆடும் என் அக்காவின் மகனை, கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில் அங்கே கூட்டிச்சென்று, ஐந்து வாரங்களில் 11 அமர்வுகளிலும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் முழங்காலுக்காக நானும் இரண்டு தடவை அந்தக் கட்டிலில் படுத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, குனிந்து கால்விரலைத் தொடச்சொல்லி எண்ணிக்கொண்டிருக்கும் விளையாட்டு ஆசிரியன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்புரையில் குட்டு வாங்குபவர்களில் நானும் ஒருவன்.

மருமகனுக்கு நேர்ந்தது உதைபந்தாட்டக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான சங்கதிதான். ஆட்டத்தின் 70ஆவது நிமிடம் அளவில் பந்தைத் துரத்தி முழுவேகத்தில் ஓடியபோது, “பின்னால ஆரோ கல்லால எறிஞ்ச மாதிரி இருந்தது மாமா” என்றான். அன்றிரவே புகையிரதம் ஏறி, மடக்கிய காலோடு விடியும்வரை உட்கார்ந்து வந்து சேர்ந்தான். வந்தவனை அவனுடைய அம்மா நேரே முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போய், எண்ணெய் போட்டு இரண்டு நாள் நன்றாக உருவிவிட்டிருந்தார். மூன்றாம் நாள் நான் பார்க்கும்போது, தொடையின் பின்புறத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல் முழங்கால் மடிப்புவரை இறங்கியிருந்தது. எலும்பு பிசகினால் அந்த வைத்தியர்களின் கையை நானும் நம்புவேன். ஆனால் உள்ளே நார் அறுந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் தசையை முதல் நாட்களில் அழுத்தி உருவுவது கசிவைக் கூட்டத்தான் செய்யும்.

கூடத்தை நடத்துபவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். ‘ஸ்போர்ட்ஸ் மசாஜ்’ என்று கடற்கரை நெடுகப் பலகைகள் தொங்கும் ஊரில், முதலில் பார்க்கவேண்டியது அந்தச் சட்டத்தைத்தான். முதல் அமர்வு முக்கால் மணி நேரம் நீடித்தது. அதில் அவர் ஒரு தடவையேனும் காலை இழுத்து நீட்டவில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினாய், ஆட்டம் முடிந்து எத்தனை மணிக்குச் சோறு சாப்பிட்டாய், போன பருவத்தில் இதே காலில் ஏதும் பிடித்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு குப்புறப் படுக்கவைத்து, புட்டத்தின் அடியில் உட்காரும் எலும்பிலிருந்து வலி உச்சமாக இருக்கும் புள்ளிவரை விரலால் தேடி, நாடாவால் அளந்தார். அந்தப் புள்ளி எலும்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ, அவ்வளவுக்கு மைதானம் திரும்பும் நாளும் தள்ளிப்போகும் என்றார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கியபோது, நல்ல கால் 80 பாகைவரை தடையின்றிப் போனது. மற்றக் கால் 50இல் நின்றுவிட்டது. இன்றைக்கே கொஞ்சம் இழுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மருமகனிடம் சொன்னார்: “கிழிஞ்ச சீலையை ஆரும் இழுத்துப் பாப்பாங்களா, தம்பி?”

இரண்டாவது வாரத்தில்தான் நீட்சி தொடங்கியது, அதுவும் நான் எதிர்பார்த்த விதத்தில் அல்ல. மருமகனின் குதிகாலைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் முழங்கால் சில்லின் மேல் மெதுவாக அணைகொடுத்து, வலி தொடங்குவதற்குச் சற்று முன்பே அவர் நிறுத்திவிடுவார். பிறகு, “என்ர தோளைக் கீழ அமத்துங்க, கால்வாசிப் பலம் போதும்” என்பார். ஆறு எண்ணும்வரை மருமகன் அமத்துவான். தொடைத்தசை கயிறு முறுக்கியதுபோல் திரண்டு நிற்கும். “விடுங்க, மூச்சை வெளிய விடுங்க” என்றதும், அந்த மூச்சோடு சேர்த்துக் கால் இன்னும் இரண்டு விரலளவு மேலே போகும். இப்படி நான்கு தடவை. அன்று 62 பாகையில் தொடங்கிய கால் அமர்வு முடிவில் 70ஐத் தொட்டது. 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நொட் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் போலியோவால் தசை தளர்ந்தவர்களுக்காக வளர்த்தெடுத்த முறையிலிருந்து வந்தது இது. அதற்காக அன்றைக்கே தசை நீண்டுவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. இழுவையை எந்த இடம்வரை பொறுத்துக்கொள்வது என்ற வரம்பைத்தான் நரம்பு மண்டலம் சற்றுத் தள்ளிவைக்கிறது. வீட்டுக்குப் போய் ஒரு நாள் சும்மா இருந்தால், கூடிய பாகையில் பாதி திரும்பிவிடுவதை அடுத்த அமர்வின் அளவிலேயே பார்த்தோம்.

இந்தக் கூடத்தின் உண்மையான பெறுமதி, அப்படிக் கிடைத்த பாகைகளைத் தக்கவைக்க அவர் தசைக்குப் பலம் ஏற்றிய விதத்தில் இருக்கிறது. சுவீடனில் கார்ல் அஸ்க்லிங் என்ற ஆய்வாளர் 75 உதைபந்தாட்ட வீரர்களை இரு பிரிவாக்கி, 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு: தசை நீண்டிருக்கும் நிலையிலேயே அதற்குச் சுமை கொடுத்துப் பயிற்றப்பட்டவர்கள் சராசரியாக 28 நாட்களிலும், வழமையான பயிற்சி பெற்றவர்கள் 51 நாட்களிலும் முழுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். அதே பயிற்சிகளை இவர் ஒரு சீமெந்துத் தரையையும் ஒரு பழைய காலுறையையும் வைத்துச் செய்விக்கிறார். காயம்பட்ட காலை முன்னே வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, உடற்பாரம் முழுவதையும் அந்தக் குதிகாலில் ஏற்றி, கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலுறை போட்ட மற்றக் காலைப் பின்னோக்கி வழுக்கவிட வேண்டும்; வலி எட்டிப்பார்க்கும் இடத்துக்கு முன்னால் நின்று, காலால் உந்தாமல் கைகளாலேயே இழுத்து நிமிர வேண்டும். பார்க்கும்போது சிறுபிள்ளை விளையாட்டுப்போல இருந்தது. மூன்றாவது தடவையில் கொழும்புக் கழகத்தின் முன்னணி வீரனுக்கு மேலுதட்டில் வியர்வை அரும்பியதைப் பார்த்தபிறகு நான் சிரிக்கவில்லை.

நான்காவது வாரத்தில் நோர்டிக் பயிற்சி வந்தது. முழந்தாளிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி முன்னே மெல்ல மெல்லச் சாய்ந்து விழும் பயிற்சி இது. இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் ஐரோப்பாவின் பெருங்கழகங்களில் 2001/02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 வீதமாக இருந்த பின்தொடைக் காயம் 2021/22இல் 24 வீதமாகியிருக்கிறது. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் நெருக்கமும் கூடியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வீரர்கள் தாம் செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்வதில்லை என்பது இன்னொரு காரணம் என்று அவர் சொன்னபோது, மருமகன் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

இனி ஐஸ் தாங்கி. ஆயிரம் லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்றைக் குறுக்கே அறுத்து, விளிம்புக்கு ரப்பர்க் குழாய் சுற்றிப் பின்முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். மீன் வாடிகளுக்கு ஐஸ் இறக்கும் லொறி வழியில் இங்கும் இரண்டு கட்டிகளைத் தள்ளிவிட்டுப் போகிறது. சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்துக் கொட்டுகிறார்கள். தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கும் வெப்பமானி 13 பாகை செல்சியஸ் காட்டியது. அதில் இடுப்பளவுக்கு 11 நிமிடங்கள். முதல் இரண்டு நிமிடமும் மூச்சு மார்புக்கு மேலே நின்றுகொள்ளும். அதன்பின் கால் தன்னுடையதா என்ற சந்தேகம் வரும். இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், தாங்கியில் சற்று மீன்வாடை உண்டு.

ஆனால் ஊரே பேர்வைத்த இந்தத் தாங்கியில் மருமகனை ஐந்து வாரத்தில் ஒரே ஒரு தடவைதான் இறக்கினார்கள். மூன்று நாளில் இரண்டு ஆட்டம் ஆடவேண்டியவருக்குக் குளிர்நீர் நோவைக் குறைத்து உதவும். பலம் ஏற்றும் பயிற்சி நடக்கும் வாரங்களில் ஒவ்வொரு நாளும் இறங்கினால் தசை வளர்வதையே அது மந்தமாக்கும் என்று சொல்லி, காசு கொடுக்க ஆயத்தமாக நின்ற இரு பையன்களை என் கண்முன்னே திருப்பி அனுப்பினார். நோவு குறையுமென்று பயிற்சி முடிந்ததும் டச்சுக் குடாவில் இறங்கி நிற்கும் நம் பையன்களுக்கும் ஒரு சொல்: இங்கே கடல்நீர் ஏறக்குறைய 27, 28 பாகை, அது உடம்பை மிதக்கவிட்டு இலகுவாக்கும், மனதுக்கு இதம், ஆனால் குளிர்நீர்ச் சிகிச்சையாகாது. கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரும் அப்படியே. பழைய இறுக்கத்துக்கு வாளி வாளியாக ஊற்றலாம். நேற்று அறுந்த தசைக்கு வேண்டாம்.

எனக்கு உறைத்த இடத்தையும் எழுதவேண்டும். உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசையை நீட்டுவதால் மறுநாள் நோவு குறைகிறதா என்று 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வில், 100 புள்ளி அளவுகோலில் கூடிப்போனால் 4 புள்ளிதான் குறைந்திருந்தது. ஆட்டத்துக்குச் சற்று முன் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டி வைத்திருந்தால், பாய்ச்சலும் வேகமும் சிறிது குறையவும் செய்கின்றன. நான் இத்தனை ஆண்டுகள் செய்வித்தது ஏறக்குறைய அதைத்தான். ஓட்டம், துள்ளல், சமநிலை, பலம் எல்லாம் சேர்ந்த ‘பீபா 11 பிளஸ்’ என்ற 20 நிமிட ஆயத்தப் பயிற்சி இருக்கிறது. எங்கள் பாடசாலை அணிக்கு இப்போது அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

உள்ளறையில் காற்றடைத்துக் காலை இறுக்கி விடும் சப்பாத்து இயந்திரமும், துப்பாக்கிபோல் அதிரும் மசாஜ் கருவியும் இருக்கின்றன. 20 நிமிடத்துக்கு 1,500 ரூபா. சுகமாக இருக்கும், தூக்கமும் வரும். அந்தக் காசுக்குச் செவ்விளநீரும் ஒரு நேரச் சோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுக்கலாம் என்பது என் கருத்து. ஆட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் 70 கிலோ எடையுள்ள வீரருக்கு மணிக்கு 70 கிராம் அளவில் மாச்சத்து வேண்டியிருக்கிறது, அதை எந்தச் சப்பாத்தும் தராது.

குறைகள் உண்டு. ஐந்து மணிக்கு என்று நேரம் தந்துவிட்டு, கடற்கரை விடுதிகளிலிருந்து உடம்பு பிடித்துவிடக் கேட்டுவரும் வெளிநாட்டவர்களை நடுவில் சேர்த்துக்கொண்டதால், மூன்று தடவை ஆறு மணிக்குப் பிறகே எங்களை அழைத்தார்கள். ஒரு தடவை ஒரு மணி நேர அமர்வு 35 நிமிடத்தில் முடிந்தது, கட்டணம் மட்டும் முழுதாக இருந்தது. கேட்டபோது மன்னிப்புச் சொன்னார்கள், கழிக்கவில்லை. இரு கட்டில்களுக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான். பெண் சிகிச்சையாளர் எவரும் இல்லை. என் பெண்கள் அணிப் பிள்ளைகள் இருவர் தாய்மாரோடு வந்து, வாசலோடு திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு நான் வேறு இடம் காட்டவேண்டியிருக்கிறது, நகரில் அது இலகுவான வேலையாக இல்லை. வீட்டுப் பயிற்சித் தாளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. நான் தமிழில் எழுதிக்கொடுத்த பிரதியை இப்போது படியெடுத்துக் கொடுக்கிறார்கள், கையெழுத்துத்தான் அழகில்லை.

ஒரு மணி நேர அமர்வு 3,500 ரூபா. பத்து அமர்வுக்கு முற்பணம் கட்டினால் ஒன்று இலவசம். நாங்கள் கட்டினோம். காயம் எவ்வளவு என்று தெரியாத ஒருவர் முதல் நாளே கட்டவேண்டாம்.

கூடத்துக்குள் முழுவேகத்தில் ஓடவைத்துப் பார்க்க இடமில்லை என்பதால், கடைசி இரு அமர்வுகளை அவர் காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் மைதானத்தில் வைத்தார், மேலதிகக் கட்டணம் இல்லாமல். முதல் நாள் பாதி வேகம், பிறகு முக்கால், கடைசி நாளில் முழு வேகமும் திடீர் நிறுத்தமும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூன்று மான்கள் கோல் கம்பத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. இரு கால்களும் 80 பாகைக்குப் போயின. நோர்டிக்கில் தரைக்கு ஒரு சாண் மட்டும் இருக்கும்வரை தாக்குப்பிடித்தான். காயம்பட்டு 34ஆவது நாள் கொழும்பு திரும்பினான். இம்முறை பகல் பேருந்தில், முன்னால் கால் நீட்ட இடமுள்ள ஆசனத்தில்.

தொழில்முறையில் ஆடுபவர்களும், தசை அறுந்து மீளவேண்டியவர்களும் தாராளமாகப் போகலாம். சாதாரண உடம்பு நோவுக்கு இவ்வளவு காசு தேவையில்லை. ஞாயிறு மாலை ஆட்டங்களுக்குப் பின் இடம் கிடைப்பது கடினம், ஆகவே வெள்ளிக்கிழமையே அழைத்துச் சொல்லி, நாளின் முதல் நேரத்தைக் கேளுங்கள். அதற்கு முன்னால் எவரையும் சேர்க்க முடியாது. துவாயும் ஒரு சோடிப் பழைய காலுறையும் கொண்டுபோங்கள்.