மகளின் கல்லூரிச் செலவுக்கு ஒரு காப்புறுதிச் சேமிப்புத் திட்டம்: எங்கள் அனுபவம்

கடந்த மார்ச் மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முகவருடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். மகள் 2023 நவம்பரில் பிறந்தவள். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் இலவசத் திட்டமிடல் சேவைக்கு நாங்களே பதிவு செய்திருந்தோம். முகவர் நல்ல தமிழில் பேசினார், அவசரப்படுத்தவில்லை, மாதச் செலவுகளையும் மத்திய சேம நிதி (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) விவரங்களையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

சேமிப்பு வளர்வதாக அவர் தம் கைக்கணினியில் காட்டிய பச்சைக் கோடு அழகாக மேலேறியது. பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு திட்டம் எடுத்து, காப்புறுதிப் பத்திரம் வந்த பிறகு அதன் பலன் அட்டவணையை நிதானமாகப் படித்தபோதுதான், அந்தக் கோடு 4.25 விழுக்காடு என்ற ஊகத்தில் வரையப்பட்டது என்பதும், பக்கத்திலேயே 3 விழுக்காட்டுக்கு வேறொரு தொகை இருப்பதும் தெரிந்தன. இவை நிறுவனம் தன் நிதியை முதலீடு செய்து ஈட்டலாம் என்று கருதப்படும் விகிதங்கள்; செலவுகள் போக நம் கைக்கு வருவது அவற்றைவிடக் குறைவு. உத்தரவாதத் தொகை மட்டும் இருந்த பத்தியில், முதிர்வின்போது கிடைப்பது நாங்கள் கட்டும் மொத்தச் சந்தாவைச் சற்றே தாண்டியிருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திட்டத்தைக் கைவிட்டால் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) திரும்ப வராது. இதையெல்லாம் முகவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் சொல்லவும் இல்லை.

பெரிய பிழை வேறிடத்தில் இருந்தது. மகனுக்குப் போட்ட கணக்கையே மகளுக்கும் போட்டு, இரண்டு திட்டங்களும் அவரவரின் 21 வயதில் முதிர்வதாக எழுதியிருந்தார். ஆண்களுக்குக் கட்டாயமான ஈராண்டு தேசிய சேவையை (ராணுவம் போன்ற பணி) முடித்து மகன் பல்கலைக்கழகம் செல்லும்போது அது சரியாக இருக்கும். தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஈராண்டுப் படிப்பு) வழியாகப் போனால் மகள் 19 வயதிலேயே சேர்ந்துவிடுவாள். பணம் வருவதற்குள் பாதிப் படிப்பு முடிந்திருக்கும். நல்லவேளையாக, பத்திரம் கைக்கு வந்த 14 நாள்களுக்குள் அதை ரத்து செய்ய முடியும் என்பதால், ஆறாம் நாளே தொலைபேசியில் அழைத்தோம். அவர் மன்னிப்புக் கேட்டு, மறுநாளே வந்து ரத்து செய்வதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும்.

அன்று என் மனைவி கேட்ட கேள்வி, முதல் சந்திப்பில் முகவரே எழுப்பியிருக்க வேண்டிய ஒன்று: குழந்தை மேம்பாட்டுக் கணக்கை முதலில் நிரப்பினால் என்ன? பிள்ளைக்காகப் பெற்றோரும் அரசாங்கமும் பணம் போடும் சேமிப்புக் கணக்கு அது. மகளின் கணக்கில் நாங்கள் அதுவரை 2,000 வெள்ளிதான் போட்டிருந்தோம். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த இரண்டாம் பிள்ளைக்கு, நாம் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக அரசாங்கம் 7,000 வெள்ளிவரை போடுகிறது; தொடக்கத்தில் கிடைக்கும் 5,000 வெள்ளி தனி. எந்தக் காப்புறுதித் திட்டம் போட்ட பணத்தை இப்படி இரட்டிப்பாக்கும்? இந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. பாலர் பள்ளி, மருத்துவம் போன்ற அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கே பயன்படும். ஆனால் 12 வயதில் மிஞ்சும் தொகை உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறி, 2.5 விழுக்காடு வட்டியுடன் பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு உதவும். உடன்பிறந்தவரின் கட்டணத்துக்கும் அதிலிருந்து கட்டலாம். முகவருக்கு இதில் தரகுப்பணம் இல்லை என்பது புரிகிறது. அதற்காகக் குடும்ப நிதித் திட்டமிடல் என்ற பெயரில் நடக்கும் சந்திப்பில் இது விடுபடலாமா?

இப்போது அந்தக் கணக்கை நிரப்ப மாதம் 250 வெள்ளி போகிறது. மகனுக்கான திட்டத்தை மட்டும், சந்தாவைக் குறைத்து, வைத்துக்கொண்டோம். சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். அவர்களுடைய விவரப் படிவத்தில் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கும் கட்டத்துக்குக் கீழே தேசிய சேவைக்கு ஒரு வரி சேர்த்தால், இன்னும் அரை நட்சத்திரம் கூட்டிக்கொள்ளலாம்.