ஹிங்கியா, பிரெஸ்டியா: மறுகட்டமைப்பை எதைக் கொண்டு அளப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பிலடெல்பியா அணியின் பொது மேலாளராக இருந்த சாம் ஹிங்கியும் ஓக்லஹோமா சிட்டி அணியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டியும் நம்பியது ஒன்றைத்தான்: இன்றைய தோல்வியை விற்று நாளைய டிராஃப்ட் (அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை தந்து புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) வாய்ப்பை வாங்குவது. ஹிங்கி அதைக் கூச்சமே இல்லாமல் செய்தார். அவருடைய மூன்று பருவங்களிலும் அணி வென்ற ஆட்டங்கள் முறையே 19, 18, 10. காலில் காயத்துடன் வந்த எம்பீடை 2014இல் மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு பருவங்கள் காத்திருக்கத் துணிந்தது அவருடைய ஆகச் சிறந்த முடிவு என்பேன். எம்பீட் 2023இல் எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) ஆனபோது ஹிங்கி பதவி விலகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் 2015இல் மூன்றாவது இடத்தில் ஓகாஃபரை எடுத்தார். அவரைவிடச் சிறந்து விளங்கிய போர்சிங்கிஸ் அடுத்த இடத்திலேயே வேறு அணிக்குப் போனார்.

பிரெஸ்டியின் பதிவு வேறு வகை. 2007 முதல் 2009 வரை டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் என மூவரை அடுத்தடுத்து எடுத்தவர், 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் பெற்றார். அவற்றில் ஒன்றுதான் 2022இல் 12ஆவது தேர்வான ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் கோப்பையும் வந்தது. உயர்ந்த இடத்துத் தேர்வை மட்டும் நம்பாமல் பேரத்திலும் ஆள் பிடித்ததால், என் கணிப்பில் பிரெஸ்டியே மேல். ஆனால் ஹார்டனை 2012இல் ஹூஸ்டன் அணிக்கு விட்டுக்கொடுத்த தவறையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.