கடைவீடா, கண்டெய்னரா? தோட்டப்புற ஊரில் வாடகை ஸ்டோர் போடுவதற்கு முன்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா (பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) மாதிரி செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், சாமான் வைக்க வாடகைக்கு அறை தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டு ஃபிளாட்டுக்குப் போகும் குடும்பம். தையல் மெஷின், இரும்பு அலமாரி, அம்மி, அண்டா, சுவரிலிருந்து இறக்கிய தாத்தா படம் என்று வரும். இன்னொன்று, கல்யாண மணவறை போடுகிறவர், கேட்டரிங்காரர், கோயில் கமிட்டி. ஆடி பிறந்தால் மணவறைத் தூண்களுக்கும் நாற்காலிகளுக்கும் வேலை இல்லை. தைப்பூசம் முடிந்தால் காவடிச் சாமான் அடுத்த தை வரை தூங்கும். முதல் ரகத்துக்கு 40 சதுர அடி தாராளம். இரண்டாம் ரகத்துக்கு லோரி பின்பக்கமாக வந்து கதவோடு ஒட்டி நிற்க வேண்டும். கடைவீட்டைத் தடுத்து அறைகளாக்குவதா, காலி நிலத்தில் 20 அடி கண்டெய்னர்களை வரிசையாக வைப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி ஈரம்.

முதலில் அளவு. 22க்கு 70 அடி கடைவீட்டின் கீழ்த்தளம் 1,540 சதுர அடி. முன்னால் சாமான் இறக்கவும் மேசை போடவும் 10 அடி, பின்னால் கழிவறைக்கும் மாடிப்படிக்கும் 8 அடி போனால் நீளத்தில் மிஞ்சுவது 52 அடி. நடுவில் 5 அடி வழி விட்டால் இரு பக்கமும் எட்டரை அடி ஆழம். 5 அடிக்கு ஒன்றாகத் தடுத்தால் பக்கத்துக்கு 10, மொத்தம் 20 அறை, ஒவ்வொன்றும் 42.5 சதுர அடி. ஆக 850 சதுர அடிதான் சம்பாதிக்கும். தவுக்கேக்கு (கடைவீட்டு முதலாளிக்கு) கட்டும் வாடகையில் ஏறக்குறைய 45 விழுக்காடு வழிக்கும் படிக்கும் போகிறது. வழியை 4 அடியாகக் குறைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அலமாரியைத் திருப்ப முடியாமல் தடுப்பில் இடிப்பார்கள். மாதச் செலவைக் கூட்டி 20ஆல் வகுக்காதீர்கள்; எல்லா அறையும் நிரம்பும் என்று நம்பாமல், 12 அறைதான் போகும் என்று வைத்து 12ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த வாடகையை இந்த ஊர் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

20 அடி கண்டெய்னருக்குள் நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. கிட்டத்தட்ட 149 சதுர அடி, அத்தனையும் வாடகைக்குப் போகும். ஆனால் லயத்துக் குடும்பத்துக்கு இது மூன்று மடங்கு அதிகம். மூன்றாகத் தடுக்க நினைத்தால் பக்கச் சுவரை வெட்டிக் கதவு வைக்க வேண்டும். அந்த நெளிநெளியான இரும்புச் சுவரில்தான் பெட்டியின் பலம் இருக்கிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி ஹாலோ இரும்பில் சட்டம் பற்றவைக்காவிட்டால் கூரை தொய்யும், வெல்டிங் ஓரமாக மழைநீர் இறங்கும். முழுப் பெட்டியாகவே மணவறைக்காரருக்கு விடுவது நல்லது.

கண்டெய்னர் பக்கம் பலரும் கவனிக்காதது தரை. வெறும் பெட்டியே 2.2 டன்னைத் தாண்டும். சாமானோடு சேர்ந்த எடை நான்கு மூலைகளில்தான் இறங்குகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலம் உண்டு. மேலே மணல் தெரியும், கீழே சேறு இருக்கும். ஒரு மூலை ஓர் அங்குலம் இறங்கினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவின் தாழ்க்கம்பி கொக்கியில் உட்காராது. ஆள் தோளால் இடித்துப் பூட்டுவார். கொஞ்ச நாளில் கீல் வளையும், கதவு ரப்பர் பிய்யும், மழை உள்ளே வரும். வாடிக்கையாளர் அதைக் கதவுக் கோளாறு என்பார்; கோளாறு தரையில். 10 டன் ஜாக்கில் அந்த மூலையைத் தூக்கி இரும்புத் தகடு சொருகினால் சரியாகும், ஆனால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இறங்கும். முதலிலேயே மண்ணை இறுக்கி, கல் பரப்பி, மூலைக்கொன்றாக 2 அடிச் சதுரத்தில் ஓரடி கனத்துக்குக் கான்கிரீட் கட்டை ஊற்றுங்கள். பெட்டி தரையிலிருந்து ஓரடி உயரும், லொங்காங் (சாக்கடை) நிரம்பி வழிந்தாலும் பிளைவுட் தளம் நனையாது. இறக்க வரும் கிரேன் லோரிக்கு மேலே மின்கம்பி குறுக்கிடுகிறதா என்பதையும் நிலம் பார்க்கப் போகும்போதே நிமிர்ந்து பார்த்துவிடுங்கள்.

பழைய பெட்டி வாங்கும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது மழை வரும் வழி. தளத்தில் மருந்து நாற்றம் அடித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். மெத்தையில் ஏறிய நாற்றம் போகாது.

இனி ஈரம். பகலில் கண்டெய்னர் அடுப்பு மாதிரி கொதிக்கும். மரச்சாமானிலும் அட்டைப்பெட்டியிலும் இருக்கும் ஈரம் காற்றில் கலக்கும். இரவில் கூரைத்தகடு சீக்கிரம் குளிர, அந்த ஈரம் தகட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். மேலே ஓட்டையே இல்லாமல் உள்ளே மழை பெய்யும். மேலடுக்குப் பெட்டியின் மூடி மட்டும் நனைந்திருந்தால் காரணம் இதுதான். பெட்டிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு ஜிங்க் கூரை போட்டால் பகல் வெயிலும் குறையும், இரவுக் குளிர்ச்சியும் குறையும். எங்கள் கணக்கில் இது செலவல்ல, பெட்டி விலையில் ஒரு பகுதி. காற்றுத்துளைகளை ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் வைத்து, எலி நுழையாத இரும்பு வலை அடியுங்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் எலி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடலாம். நிரம்பியதும் மாற்றாவிட்டால் அந்தத் தண்ணீரே சாமானில் கொட்டும்.

கடைவீட்டு ஈரம் வேறு மாதிரி, மெதுவாக வரும். தரைக்கடியிலிருந்தும், பக்கத்துக் கடைக் கழிவறைச் சுவரிலிருந்தும், பின்கட்டில் திறந்து கிடக்கும் காற்றுவெளியிலிருந்தும் வரும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் அந்தத் தரை என்றைக்கும் காயாது. வேறு கடை பாருங்கள். காய்ந்திருந்தால் காற்றுவெளியை மூடி, ஈரமகற்றும் கருவி ஒன்று வைத்து, ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தலாம். 700 வாட் கருவி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 210 யூனிட். கண்டெய்னர் வரிசையில் இப்படி ஒரே கருவியால் எல்லா அறையையும் காக்க வழியில்லை. எங்கள் கை கடைவீட்டுப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

தடுப்புக்குப் பிளைவுட் போடாதீர்கள், கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி. இரும்புச் சட்டத்தில் தகடு அடித்து, 8 அடிக்கு மேல் கம்பி வலை போட்டால் காற்றும் ஓடும், ஆளும் ஏறமாட்டார். மாடியையும் சேர்த்து எடுத்தால் எடையைப் பாருங்கள். அலுவலகமாகக் கணக்கிட்ட தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கும். பொதுச் சரக்குக்குப் பொறியாளர்கள் எடுக்கும் கணக்கு, அடுக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 240 கிலோ. மாடியில் இடுப்புயரத்துக்கு மேல் அடுக்க விடாதீர்கள். புத்தகமும் அம்மியும் கீழேயே இருக்கட்டும்.

பேப்பர் வேலையில் கடைவீடு சுலபம்: எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் பதிவு (தொழில் பெயரில் என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி), நகராண்மைக் கழக லைசென்ஸ், பொம்பா (தீயணைப்புத் துறை) சொல்லும் தீயணைப்பு ஏற்பாடு. கண்டெய்னருக்கு நிலத்தின் கெரானை (பட்டாவை) எடுத்து நிபந்தனையைப் படியுங்கள். விவசாயம் என்று இருந்தால் நில அலுவலகத்தில் மாற்ற மனு போட்டு, பிரீமியம் கட்டி, அதன் பிறகுதான் பெட்டி. மாற்றாமல் நடத்தினால் நிலமே பறிபோக நிலச் சட்டத்தில் இடமுண்டு. சொந்த நிலம், கெரானில் கட்டட வகை, லோரி திரும்ப இடம் என்று மூன்றும் கையில் இருந்தால் மட்டும் முதல் நாளே கண்டெய்னருக்குப் போகலாம்.

எந்தப் பக்கம் போனாலும் சாவி வாடிக்கையாளரிடம் மட்டும் இருக்கட்டும். உதவியாக இருக்குமே என்று மாற்றுச்சாவி வாங்கி வைத்தால், 1950 ஒப்பந்தச் சட்டத்தின்படி பொருளைப் பொறுப்பேற்றவர் என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 104ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை நின்றால் எத்தனை நாளில் எழுத்து நோட்டீஸ், யார் முன்னால் பூட்டை வெட்டுவது, சாமான் பட்டியலையும் படத்தையும் யார் எடுப்பது எல்லாம் ஒப்பந்தத்தில், தமிழிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும்.

கூடாத பொருள் பட்டியலைத் தோட்டத்து ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள். டேங்கில் பெட்ரோலோடு புல்வெட்டும் மெஷின், கேஸ் தோம்பு, பட்டாசு, அரைக்குப்பி களைக்கொல்லியோடு முதுகுப் பம்பு. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை, ஆனாலும் பழைய குப்பி இன்னும் எங்காவது மூலையில் இருக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒவ்வொரு கதவு இடுக்கிலும் ஒருமுறை மூக்கை வைத்துப் பாருங்கள்.