அமெரிக்க அதிபர், இந்தியப் பிரதமர்: யார் கையில் பிடி அதிகம்?

அன்றாட நிர்வாகத்தில் நம் பிரதமர் அலுவலகத்தின் பிடிதான் இறுக்கம் என்பேன். அமெரிக்க அதிபர் நியமிக்கும் ஆட்களில் 1,200 பேருக்கு மேல் செனட்டின் (அங்குள்ள நாடாளுமன்ற மேலவை) ஒப்புதல் தேவை. இங்கே துறைச் செயலாளர்களை முடிவு செய்யும் குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் மட்டும்தான்.

அப்புறம் பணம். 2018 டிசம்பரில் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு நிதி கேட்டு டிரம்ப் பிடிவாதம் பிடித்தார். நாடாளுமன்றம் இறங்கி வராததால் செலவு மசோதா நிறைவேறாமல், பல அரசுத் துறைகள் 35 நாள் முடங்கின. ஊழியர்கள் சம்பளமில்லாமல் தவித்தார்கள், பாவம். கடைசியில் கேட்ட பணம் கிடைக்காமலேயே செலவு மசோதாவில் கையெழுத்துப் போட்டார்.

மக்களவையில் பெரும்பான்மை உள்ள பிரதமருக்கு இந்தத் தொல்லை இல்லை. சரி, பெரும்பான்மை போய்விட்டால்? அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு, 1999 ஏப்ரல் 17 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது.