ஃபுரோசிமைடு 40 மி.கி.: அம்மாவின் கால் வீக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாகக் கொடுத்துவரும் நீர் மாத்திரை

இதயம் சுருங்கி விரியும் ஆற்றல் குறைந்ததால், 72 வயதான என் அம்மாவுக்கு இரண்டு கால்களிலும் நீர் கோத்துக்கொண்டது. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் விழும் குழி நெடுநேரம் அப்படியே நின்றது. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தும் இரவில் மூச்சு முட்டியது. இதய மருத்துவர் காலையில் ஒன்று என எழுதிக் கொடுத்த மாத்திரைதான் ஃபுரோசிமைடு.

இது வேலை செய்யும் வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்ட உப்பு மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுவதை, ஹென்லே வளைவு என்னும் பகுதியில் இம்மருந்து தடுக்கிறது. வெளியேறும் உப்பு நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரியத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்த விளைவு நீடிக்கிறது. முதல் வாரத்திலேயே அம்மாவின் எடை 61 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு பழைய செருப்புக்குள் கால் நுழைந்த அன்று அவர் முகத்தில் கண்ட நிம்மதியை நான் மறக்கவில்லை.

ஆனால் நேரம் தவறினால் இதே மாத்திரை துன்பம் தரும். ஒரு நாள் காலையில் மறந்ததை மாலையில் கொடுத்துவிட்டேன். இரவில் நான்கு முறை எழுந்து, கடைசி முறை தலைசுற்றிக் கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மூன்றாம் மாதம் கெண்டைக்கால் சதை அடிக்கடி இழுத்துக்கொண்டது. இரத்தத்தில் பொட்டாசியம் 3.1 என்று குறைந்திருப்பதைப் பரிசோதனை காட்டியது. உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுவது இம்மருந்தின் இயல்பு. பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோனை மருத்துவர் சேர்த்தார். அதன்பின் பொட்டாசியம் கூடிவிடுமோ என்று எங்கள் கவலை எதிர்ப்பக்கம் திரும்பியது, பொட்டாசியம் மிகுந்த இளநீரைக்கூட அவரைக் கேட்டுத்தான் கொடுக்கிறோம். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் அவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பார்க்கிறோம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை நாமாகக் கொடுத்தால் நீர் மாத்திரையின் பலன் குறைவதோடு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இலையில் இருக்கும்வரை எந்த மாத்திரையாலும் வீக்கத்தை வெல்ல முடியாது.

இதே வகை நீர் மாத்திரையான டோர்செமைடு இதைவிட மேலானதா என்று உறவினர்கள் கேட்டார்கள். அது குடலில் சீராக உறிஞ்சப்படுவது உண்மை. ஆயினும் அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2023ல் வெளியான பெரிய ஆய்வில், இறப்பு விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை. எனவே விலை எட்டக்கூடிய இதையே தொடர்கிறோம்.

அடுத்த வீட்டு அக்காவுக்குக் கால் வீங்கியபோது, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே இதைக் கொடுத்துவிட்டார்கள். வீக்கம் வடியவில்லை, மயக்கம்தான் வந்தது. இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துவந்த ஆம்லோடிபின்தான் வீக்கத்துக்குக் காரணம் என்று மருத்துவர் கண்டறிந்து அதை மாற்றிய பிறகே கால் இயல்பானது.

இப்போது தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் அம்மாவின் எடையைக் குறித்து வைக்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே அழைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதுவரை இருமுறை அழைத்தோம், இருமுறையும் மருத்துவமனையில் சேர்க்காமலே அளவை மாற்றிச் சமாளித்தார்.