வால்பாறைக்கு வாடகை வண்டி பிடிப்பவர்கள் கவனத்திற்கு

கடந்த ஆகஸ்டில், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில், வயதான பெற்றோர் உட்பட ஆறு பேர் வால்பாறைக்குச் சென்று வந்தோம். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழையிலும் மூடுபனியிலும் அந்தப் பாதையில் நானே ஓட்டத் துணியாததால்தான், கோவையில் ஒரு டிராவல்ஸில் டிரைவரோடு வண்டி பேசினேன். "மலைப் பாதையில் பத்து வருட அனுபவம் உள்ள டிரைவர், மஞ்சள் போர்டு வண்டி, டயர் நான்கும் புதுசு" என்று தொலைபேசியில் உறுதி சொன்னவர், வாடகையில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

அதிகாலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்றதோ வெள்ளை போர்டு வண்டி. கேட்டதற்கு, பேசிய வண்டி திடீரென்று பணிமனைக்குப் போய்விட்டது என்றார்கள். பெட்டிகளை எல்லாம் இறக்கி வைத்திருந்த நிலையில், அம்மாவின் முகத்தைப் பார்த்து, நானும் சரி என்று ஏறிவிட்டேன். நான் செய்த முதல் தவறு அது. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது சட்ட மீறல் என்பதோடு, விபத்து நேர்ந்தால் அதையே காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வழியுண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஏறும்போது சிக்கல் ஏதும் தெரியவில்லை. மறுநாள் இறங்கும்போது அட்டகட்டியைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் அடங்கிப் போனது. டீசலை மிச்சப்படுத்த, வண்டி ஓட்டிய பையன் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கிக்கொண்டிருந்தான். முன்னால் அமர்ந்திருந்த அப்பா, "தம்பி, ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்குப்பா" என்று இரண்டு முறை சொன்னார். பதினெட்டாவது வளைவுக்கருகில் கருகிய வாடை வந்தது. அதற்கும் கீழே, "அண்ணா, பெடல் உள்ள போகுது" என்று அவன் சொன்ன குரலை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் ஒருவழியாக நிறுத்தினான்.

சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவனை, பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தடுத்தார். கொதிக்கும் டிஸ்கில் தண்ணீர் பட்டால் அது வளையும், விரிசலும் விடும், தானாக ஆறும்வரை வண்டியைத் தொடாதே என்றார். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும் என்பதும், சூடேறியதும் அது கொதித்து ஆவியாவதால்தான் பெடல் தொளதொளவென்று உள்ளே போகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். காத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் குனிந்து டயரைப் பார்த்தேன். பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சிறிய ரப்பர் மேடுகள், அதாவது 1.6 மில்லிமீட்டர் தேய்மான எல்லையைக் காட்டுபவை, டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டிருந்தன. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 1116. அப்படியென்றால் அது 2016ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் தயாரான டயர். பையனைக் கேட்டால், அவன் ஊருக்குள் ஓட்டுபவன், மலைக்கு வருவதே இதுதான் முதல் தடவை. அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. பேட்டாவைக் குறைக்காமல் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் முன்பணம் அனுப்பும் முன்பே வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் அதன் வகை, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைப் பார்த்துவிடுகிறேன். எண்ணைத் தர இழுத்தடிப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்கிறேன். வண்டி வந்ததும், பெட்டியை ஏற்றுவதற்கு முன் டயரைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்குவதற்குள், பகல் வெளிச்சத்திலேயே ஆழியாறு வந்து சேரும்படி கிளம்பும் நேரத்தையும் நாமே முடிவு செய்ய வேண்டும். டிரைவரின் அடுத்த சவாரிக்கு ஏற்ப விட்டுவிடக் கூடாது.

அந்த டிராவல்ஸின் பெயரை நான் எழுதவில்லை. பெயர்ப்பலகையை மாற்றி இதே தொழிலைத் தொடர அவர்களுக்கு ஒரு வாரம் போதும். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நல்லபடியா வந்து சேர்ந்துட்டீங்கல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்கள். எண் பலகையையும் டயரையும் எடுத்த படங்களை இணைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன்.